இரண்டு பக்கமும் காத்த கோல்கீப்பர்

இறுதி ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கையில் இரண்டு முதலாளிமார் ஆளுக்கொரு ஒப்பந்தக் கடதாசியோடு என் முன்னால் வந்து நின்றார்கள். இரண்டிலும் கோல்கீப்பர் சந்தியாப்பிள்ளையின் கைநாட்டு. இரண்டிலும் எங்கள் லீக்கின் சீல்.

"அவன் என்ட ஆள், மாஸ்டர்," என்றார் மில் முதலாளி பொன்னுத்துரை.

"அந்தக் கதையே வேணாம். போன மாசமே என்ட டீமுக்கு வந்துட்டான்," என்றார் ஏறாவூர் வியாபாரி இஸ்மாயில் ஹாஜியார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. சம்பளம் கொடுத்துப் பந்தடிக்க வைப்பது பிழை என்று ஊர்ப் பந்தடிச் சங்கத்தார் தடுத்ததால், நாலு முதலாளிமார் பிரிந்து வந்து தொடங்கிய தனி லீக். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு நான் அதற்குச் செயலாளரானேன். ரெஃபரியும் நானே. முதல் வருடம் வாவிக்கு அக்கரையிலிருந்தெல்லாம் தோணி தோணியாகச் சனம் வந்தது. மைதானத்தின் தென்னங்கிடுகு வேலியை இரண்டு முறை வெளியே தள்ளிப் போட்டோம்.

இரண்டாம் வருடம் என் உயிர் போனது. ஒருவர் அறுவடை என்று ஆட்களை வயல் வட்டைக்கு அனுப்பிவிட்டு, ஆட்டத்தைத் தள்ளிவை என்பார். ஒருவர் தோற்றால் பந்தில் காற்றுக் குறைவு என்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில் இந்தக் கடதாசிகள்.

வேலிக்கு வெளியே சனம் கூச்சல் போட்டது. எனக்கு வந்த எரிச்சலில், "முதல் பாதி மில் டீமுக்கு, அடுத்த பாதி ஹாஜியார் டீமுக்கு நிற்கட்டும்," என்று சொல்லி விசில் அடித்தேன்.

இடைவேளையில் டீம்கள் பக்கம் மாறின. சந்தியாப்பிள்ளை மாறத் தேவையில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே கம்பங்களுக்கு நடுவில் நின்றான். இரண்டு பாதியிலும் அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. எதிர்க் கோலில் நின்ற பதில் ஆட்கள் ஆளுக்கொரு கோல் விட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. சமநிலை.

"என்ட கப்பைக் கெடுத்தது நீங்கதான், மாஸ்டர்!" என்று இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் இருவருமே டீம் இறக்கவில்லை. மிஞ்சிய இரண்டு டீமை வைத்து என்ன லீக் நடத்துவது?

அந்த இறுதி ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சந்தியாப்பிள்ளையைப் பிடித்து ஏசினேன். "ரெண்டு கடதாசியில ஏன்டா கைநாட்டு வெச்சாய்?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது, மாஸ்டர். பழைய கடதாசி முடிஞ்சிது எண்டுதான் ஹாஜியாரிட ஆக்கள் சொன்னாங்க. முடியாட்டி நீங்க சீல் குத்தியிருக்க மாட்டீங்க எண்டு நம்பினன்."

நான் வாசிக்காமல்தான் குத்தியிருந்தேன். அதை மறைத்துவிட்டு, லீக்கை உடைத்தது முதலாளிமார் என்றே பல வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். புதிதாக உத்தியோகத்துக்கு வருகிறவர்களே, அடுத்தவன்மேல் கோபம் பொங்கும்போது, அந்தக் காரியத்தில் உங்கள் கை எங்கே பட்டது என்று முதலில் பாருங்கள்.