ராஜா இல்லாத அசைன்மென்ட்

கல்லூரியில் எனக்கு மேஜர் பொருளாதாரம். வரலாறு வெறும் அலைடு, துணைப்பாடம். கடைசிப் பீரியடில்தான் போடுவார்கள். சிலபஸ் முடியவில்லை என்று அதையும் மேஜர் வாத்தியார்கள் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கோ அந்தப் பாடத்தின் மேல்தான் உயிர்.

ஒருநாள் வரலாற்று சார், ‘நம் ஊரின் வரலாறு’ என்று அசைன்மென்ட் கொடுத்தார். இன்டர்னல் மார்க் முழுக்க அதற்குத்தான். வகுப்பே கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடியது. சீனியர்கள் எழுதியது அங்கே கிடைக்கும். பெயரை மாற்றினால் போதும். நான் மட்டும் பெரிய இவளாட்டம் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டேதான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும் ஆளுக்கொரு சேர் போடுவார்களாம். வந்தவர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் சேரெல்லாம் குடோனுக்குப் போய்விடுமாம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

சார் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தினார். ராஜா எங்கே, கல்வெட்டு எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்டார். எங்கம்மாதான் சார் ஆதாரம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.

“உங்கம்மா கதையெல்லாம் ஊட்டுல பேசிக்குங்க. மாத்தி எழுதிக் குடுங்க, இல்லீன்னா அரியர்தான்.”

என்ன அநியாயம் இது! எவனோ ஒரு ராஜா எந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான் என்று எழுதினால் மார்க் உண்டு. என் அம்மா பதினெட்டு வருஷம் உட்காரவே இல்லை என்று எழுதினால் சிரிப்பா? ஜெராக்ஸ் கடைச் சரக்குக்கெல்லாம் ‘குட்’ போட்ட கைதானே அது!

ஆனால் அரியர் விழுந்தால் படித்தது போதும், கம்பெனிக்குப் போ என்று சொல்ல அப்பா தயாராக இருந்தார். நானும் அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ராஜாக்களைப் பார்த்து எழுதிக் கொடுத்துப் பாஸானேன்.

மாற்றி எழுதிக் கொடுத்த அன்று சாயங்காலம் அம்மா, “சேர் விசயத்தப் படிச்சுட்டு உங்க சார் என்ன கண்ணு சொன்னாரு?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்குதுன்னு சொன்னாருங்கம்மா.”

மறுநாள் அம்மா செக்கிங் டேபிள் பூராவும் சொல்லியிருக்கிறாள், நாம் நின்றுகொண்டே வேலை செய்வது காலேஜில் எழுத்தாகிவிட்டது, இனி யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்று.