இடது ஓரத்துச் சூடு

மின்விசிறி நின்ற நொடியிலேயே அமுதவல்லியின் விரல் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானுக்குப் போய்விடும். எழுத்து அரைகுறையாகத் தெரியும்வரை அழுத்துவாள். பிறகு மூக்கு திரையில் இடிக்கிற மாதிரிக் குனிந்து, ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குப் பதில் தட்டுவாள்: "உங்கள் சேலை நாளை வந்து சேரும், மேடம்."

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், கேழ்வரகுக் காட்டை ஒட்டிய வீடு. பெங்களூரில் இருக்கும் ஒரு துணி நிறுவனத்துக்காக, வாங்குகிறவர்களின் கேள்விகளுக்கு லேப்டாப்பில் பதில் எழுதுவது அவள் வேலை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில்தான். கரண்ட் போனால் பேட்டரிதான் கதி. அது ஏற்கெனவே இரண்டு முறை பாதியில் கைவிட்டு, அவள் பேச்சு வாங்கியிருக்கிறாள். இன்னொரு முறை நடுவில் அணைந்தால் வேலை கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் லைன்மேனைப் பார்த்தால் மற்றவர்கள் நலம் விசாரிப்பார்கள்; இவள், "இன்னிக்கி எப்பங்கண்ணா நிறுத்துவீங்க?" என்பாள். லேப்டாப்பின் சத்தத்தை அணைத்துவைப்பாள். கேட்டால் சொல்வாள்: "மவுசக்கூடப் புடுங்கிருவேனுங்க. அதுவும் சார்ஜத் திங்கும்ல?"

இவ்வளவு கஞ்சத்தனம் செய்கிறவள் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். அவள் தம்பி குரு, கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். கிருஷ்ணகிரியில் ஒரு முகூர்த்தம் முடித்து பைக்கில் திரும்பும்போது லாரி அடித்துப் போய்விட்டான். அவனுடைய லேப்டாப் நொறுங்கியதில், உள்ளே படங்களைச் சேமித்துவைத்திருந்த விரல் நீள எஸ்.எஸ்.டி. டிரைவ் மட்டும் தப்பியது. அவனோடு படித்த அருள்குமார் தருமபுரியில் லேப்டாப் பழுது பார்க்கிறான். அவன்தான் அதை அக்காவின் லேப்டாப்பில், காலியாகக் கிடந்த இடத்தில் பொருத்திக் கொடுத்தான்.

அதில் இருப்பதெல்லாம் ஊரார் கல்யாணங்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவன் படத்தில் எங்கே இருப்பான்? குரல் மட்டும் உண்டு. "மாமா, செத்த தள்ளி நில்லுங்க. அக்கா, சிரிங்க... இன்னும் கொஞ்சம்." யாரோ ஒரு அக்காவைச் சொல்கிறான். அமுதவல்லி ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அதைத் திறக்க மனசு வரவில்லை.

திறக்காத டிரைவ் சார்ஜை எடுக்காது என்றே அவள் நம்பியிருந்தாள். பெட்டியில் பூட்டிவைத்த பட்டுச்சேலை சோறா கேட்கும்?

போன வாரம் லேப்டாப்பை அவன் கடைக்கு எடுத்துப் போனாள். பேட்டரி எதில் தீர்கிறது என்று அருள்குமார் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ரெண்டாவது டிரைவ் சும்மா இருந்தா பெருசா எடுக்காதுக்கா. இது உங்க லேப்டாப்புக்கு ஒத்துப் போவல. தூங்கவே மாட்டேங்குது. நீங்க தொறக்காட்டியும் சார்ஜ உறிஞ்சிக்கிட்டே கெடக்குது. கழட்டித் தனி டப்பால போட்டுத் தரேன், வேணும்ங்கறப்ப சொருகிக்குங்க."

நியாயமான பேச்சு. அவளும் தலையாட்டினாள். அவன் லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருப்புளியை எடுத்தபோதுதான் கேட்டாள்.

"அருளு, கை வைக்கற எடத்துல, இடது ஓரம், எப்பவும் வெதுவெதுன்னு இருக்குதே. அது என்னா?"

"அந்த டிரைவ்தாங்க்கா. வீணாப் போற சார்ஜு பூரா அந்தச் சூடாத்தான் போவுது."

அவள் திருப்புளி பிடித்த அவன் கையைத் தள்ளினாள். "அப்ப இருக்கட்டும், வுடு."

"வேல போயிரும்க்கா!"

"தெரியும்பா."

பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இன்று மத்தியானமும் கரண்ட் போயிற்று. பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. சேலை இன்னும் வரவில்லை என்று எங்கோ ஒருத்தி சண்டைக்கு நிற்கிறாள். அமுதவல்லி மங்கிய திரைமேல் குனிந்து, வலது கையால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறாள். இடது உள்ளங்கை அந்த ஓரத்தில் படிந்தபடி இருக்கிறது. அதை அவள் எடுக்கவே இல்லை.