பச்சை வள்ளத்தின் அடிப்பாகம்

மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. கடியப்பட்டணம் ஷிஜியின் செல்போன் ஆல்பத்தில் நேற்று மாலைவரை சேர்ந்த படங்களும் வீடியோக்களும் இத்தனை. ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை.

புயலடித்து இரண்டு மாதமாகிறது. அவள் கணவன் ஜினோவும் பக்கத்து வீட்டுப் பிரபினும் மீன்பிடிக்கப் போன வள்ளம் அன்று திரும்பவில்லை. குழித்துறை ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் அடுக்கும் ஷிஜிக்கு அழுகை வரவில்லை. தெரிந்த வேலைதான் கைக்கு வந்தது. மீனவர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் கேட்டாள்: “அந்த வாரம் கடல்ல எடுத்த எந்தப் படமானாலும் அனுப்புங்க. மங்கலா இருந்தாலும் போதும்.”

வந்த ஒவ்வொன்றுக்கும் குறிப்பு போட்டாள்: நாள், நேரம், பின்னால் தெரியும் வள்ளத்தின் நிறம், கரையில் எந்த மலைக்கு நேராக எந்தக் கோயில் கோபுரம். வள்ளத்தின் பெயரை நம்ப முடியாது; கரை முழுக்க அந்தோணியார்தான். பிரபினின் தங்கை ஜாஸ்மி கூட வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, இவன் வலை வலிக்கானா, ரீல்ஸ் ஆடுகானா?”

“ஆடட்டும் மக்கா. அவன் ஆடுனதுனாலதான் பின்னால போற வள்ளம் தெரியுது.”

தனித்தனியாகப் பார்த்தால் வெறும் ஆட்டமும் செல்ஃபியும். நேரப்படி அடுக்கினால் வழி தெரிந்தது. மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து எடுத்ததைச் சேர்த்துப் பார்த்ததில், எஞ்சின் நின்று கடல் நீரோட்டத்தின் ஒழுக்கில் போன வேறொரு வள்ளம் முதல் வாரமே அகப்பட்டது. ஐந்து பேரும் உயிரோடு கரையேறினார்கள். அதில் ஒருவனின் மனைவி போனில் நன்றி சொல்லி அழுதாள். ஷிஜி “சரி” என்றாள்.

ஜினோவின் வள்ளம் பச்சை. திருவிழாவுக்கு அடித்த புதுப் பச்சை. ஆல்பத்தில் பச்சை என்று தேடினால் அது கடலுக்குப் போகும் காட்சிதான் வரும். கவிழ்ந்த பச்சை ஒன்றுமில்லை. ஷிஜியும் ஜாஸ்மியும் அந்த நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாமல் கவிழ்ந்து மிதந்த ஒரு நீல வள்ளத்தின் வீடியோவை ‘யாருடையதோ’ என்று ஷிஜியே ஒதுக்கியிருந்தாள்.

நேற்று, திருவிழாவுக்கு லீவில் வந்துபோன ஊர்க்காரன் ஷாஜன் துபாயிலிருந்து ஒரு படம் அனுப்பினான். “இதும் ஆகுமா மைனி?” புது உடுப்பில் அவன் மகள். பின்னால் மணலில் சாய்ந்து கிடக்கிறது ஜினோவின் வள்ளம். மேலே பச்சை, அடியில் பழைய நீலம். திருவிழாவுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது கரை வழக்கம். ஷிஜிக்கும் தெரிந்ததுதான், தேடும்போது தோன்றவில்லை. நீலத்தின் நடுவே, பாறையில் உரசிய இடத்தில் வெள்ளையாக ஒரு ஃபைபர் ஒட்டு.

ஒதுக்கிய அந்த நீல வள்ளத்தின் வீடியோவைத் திறந்தாள். அங்கேயும் ஒட்டு இருந்தது.

“வேற வள்ளத்துக்கும் ஒட்டு இருக்கும்லா?” என்றாள் ஜாஸ்மி.

“இருக்கும். இது உங்க அண்ணன் ஒட்டுனது. பாரு, ஒரு மூலைய வெட்டாம விட்டிருக்கான்.”

ஜாஸ்மி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “சோம்பேறி” என்றாள்.

ஷிஜி ‘யாருடையதோ’வை அழித்துவிட்டு ‘ஜினோ, பிரபின்’ என்று எழுதினாள். அடுத்த படத்தைத் திறந்தாள். அந்தப் புயலில் திரும்பாத இன்னும் இரண்டு வள்ளங்களுக்கு விடை இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, உடல்கள் இல்லாமல், இருவருக்கும் அடக்கப் பூசை.