முகத்தில் முழிக்காத படங்கள்

எங்கள் சித்தப்பாவின் விரல்களில் எப்போதும் ஒரு புளித்த வாடை இருக்கும்; படம் கழுவும் ‘ஹைப்போ’வின் வாடை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவர் மட்டும் கரண்டியால் சாப்பிடுவார், “வெள்ளக்காரத் தொரை வந்துட்டாரு” என்று அம்மா கேலி செய்வாள். தட்டைக் கழுவி வைத்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே சமணர் மலையடியில் கத்தரியும் வெங்காயமும் போடும் தவசி என்பவர் அவருடைய கூட்டாளி. இருவரும் ஒருவரையொருவர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மதுரையில் டீக்கடைக்காரரும் மாப்ள, கண்டக்டரும் மாப்ள. அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

பதினான்கு வயதில் எனக்குப் புதுச் சைக்கிள் வந்தது. அதோடு என்னை ஒரு படம் எடுக்கச் சொல்லி மூன்று வாரம் கெஞ்சினேன். “பிலிமு தீந்து போச்சுடா, அடுத்த வாரம் பாப்போம்” என்று மூன்று வாரமும் சொன்னார். நான்காவது வாரம் அவர் இல்லாத நேரத்தில் அவருடைய அறையில் இருந்த பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்தேன். உள்ளே முழுக்கத் தவசி. சிரிக்கும் தவசி, குளத்தில் முங்கி எழுந்து கண்ணைக் கசக்கும் தவசி, தூங்கும் தவசி. தூங்கும் படத்தின் பின்னால் சித்தப்பாவின் குண்டு கையெழுத்தில் ‘என் மாப்ள’ என்று எழுதியிருந்தது.

அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அந்த ‘என்’ எதைச் சொல்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் தகரத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு இல்லாத பிலிம் இவனுக்கு மட்டும் இருக்கிறதே என்ற வயிற்றெரிச்சலைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர். கத்தவில்லை, அடிக்கவில்லை. தம்பியைச் சாப்பாட்டு மேசை முன் நிறுத்தி, வேதாகமத்தை எடுத்து வைத்தார்.

“இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு இதுல கை வச்சுச் சொல்லு.”

“அண்ணே, அவன் யாருக்கு என்னண்ணே பண்ணான்?”

“சொல்லு. இல்லன்னா நாளைக்கு அவன் ஊருல போயி நான் சொல்றேன்.”

ஹைப்போ வாடை அடிக்கும் அந்தக் கை வேதாகமத்தின் மேல் போயிற்று. அப்பா சொன்னதை அப்படியே சொல்லி முடித்தார் சித்தப்பா. தகரத்தில் இருந்ததையும் அதன் நெகட்டிவ்களையும் கொல்லையில் போட்டு எரித்தோம். மண்ணெண்ணெய் ஊற்றியது நான். பெரிய மனிதன் ஆகிவிட்டதுபோல் அப்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால், அந்தப் பையனை இன்றைக்கும் அறைய வேண்டும் போலிருக்கிறது.

சித்தப்பா சத்தியத்தை மீறவில்லை, எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார். அப்பா தடுத்தது மூஞ்சியைத்தானே. கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் பரவைச் சந்தையில் அவர்களைப் பார்த்தேன். தலையில் வெங்காய மூட்டையோடு தவசி முன்னால் நிற்கிறார். பத்தடி பின்னால் கேமராவோடு சித்தப்பா.

“எடுத்தாச்சா மாப்ள?” என்றார் தவசி, திரும்பாமலே.

“இன்னொண்ணு மாப்ள. அப்படியே நில்லு.”

“கழுத்து ஒடியுது. பின்னாடி அம்புட்டு அழகாவா இருக்கேன்?”

“முன்னாடிக்கு இது தேவல.”

இருவரும் சிரித்தார்கள். ஒருவர் கிழக்கே பார்த்தபடி, மற்றவர் அவர் முதுகைப் பார்த்தபடி. நான் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். போய், “சித்தப்பா, போதும், அவரைத் திரும்பச் சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. சென்ற மாதம் ஒரு கல்லூரி அரங்கில் சித்தப்பாவின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ‘முகமற்ற உழைக்கும் மக்களைத் தேடிச் சென்ற கலைஞர், கேமராவையே மணந்துகொண்ட பிரம்மச்சாரி’ என்று வாசலில் எழுதியிருந்தது. முகத்தை மறைப்பதில் உள்ள அரசியலை ஒரு பேராசிரியர் அரைமணி நேரம் விளக்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். குடும்பத்தின் சார்பில் பொன்னாடை போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன்.

எந்த மக்கள்? சுவர் முழுக்க இருந்தது ஒரே முதுகு. இடது தோளில் அதே தழும்பு. முதல் படத்தில் பிடரி கறுப்பு, கடைசிப் படத்தில் வெள்ளை. சித்தப்பா யாரையும் தேடிப் போகவில்லை. ஒரே ஆளின் பின்னால் ஆயுசு முழுக்க நடந்தார். நீங்கள் கொள்கை என்று கைதட்டுவது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் விதித்த தண்டனை. அதை வாங்கிக் கொடுத்தவனுக்குத்தான் பொன்னாடை போர்த்தினீர்கள்.

மறுநாள் காலையிலேயே போய், கண்காட்சியை ஏற்பாடு செய்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளையும் விடவில்லை. அவள் நின்றபடியே கேட்டாள். கடைசியில், “அவர் பேரு என்னங்கய்யா?” என்றாள்.

“தவசி.”

எழுதிக்கொண்டாள். பிறகு, “மொகம் எப்படி இருக்கும்? அந்தப் படங்கள நீங்க பாத்திருக்கீங்கள்ல?” என்றாள்.

அந்தத் தகரத்துக்குள் இருந்த முகத்தைப் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவன் நான் ஒருவன். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ நேரம் நின்றேன். சிரித்தார், குளத்திலிருந்து எழுந்தார், தூங்கினார் என்று சொல்லத் தெரிந்தது. கண்ணுக்குள் வந்ததென்னவோ முதுகு மட்டும்தான்.