தாண்டவராயனுக்கு வந்த தந்தி

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று உத்திரமேரூர் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆறு மிஷினில் ஆறு பேர் தப்புத் தப்பாகத் தட்டுவதைக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை கேட்டுப் பாருங்கள், தெரியும். தாண்டவராயன் விஷயத்தில் நான் பட்ட பாட்டுக்கும் இந்தக் கோபம்தான் காரணம். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தாண்டவராயன் ஏரிக்கு அந்தண்டைக் கரைக் கிராமத்தான். அப்போது, எண்பத்திரண்டில், முப்பது வயதிருக்கும். வாலாஜாபாத் ரைஸ் மில்லுகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் தார்ப்பாய் தைப்பது தொழில். கோணி ஊசியும் மெழுகு போட்ட நூலும் கையில் இருந்தால் பேச மாட்டான். இல்லாவிட்டால் நிறுத்த மாட்டான்.

அந்த வருஷம் மாசியில் ஒரு கான்டிராக்டர் அவனை மெட்ராஸ் துறைமுகத்துக்குத் தார்ப்பாய் ஒட்டுப்போடக் கூட்டிப் போனார். அங்கே வில்லெம் என்ற ஹாலந்துக்காரர் தம் மனைவியோடு ஒரு பாய்மரப் படகில் வந்து நின்றிருந்தார். மூன்று வருஷமாக உலகத்தைச் சுற்றுகிறார்களாம். பெரிய பாய் நடுவில் கிழிந்துபோயிருந்தது. அந்தத் துணியைத் தைக்கப் போய் மெட்ராஸ் தையற்காரர்கள் ஊசியை ஒடித்துக்கொண்டதுதான் மிச்சம். தாண்டவராயன் இரண்டு நாள் உட்கார்ந்து கையாலேயே தைத்துக் கொடுத்தான். தையல் தாங்குகிறதா என்று பார்க்க அவனையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் ஒரு சுற்றுப் போனார்கள்.

அவ்வளவுதான். ஆள் ஊருக்குத் திரும்பியபோது வேறு ஆளாக இருந்தான்.

"இன்னா ஆச்சு தெரியுமா மாஸ்டர்? நடுவுல மோட்டார நிறுத்திட்டாரு. எனுக்குக் கொடலு வெளிய வந்துடற மாரி வாந்தி. ஆனா அந்தத் துணி கீது பாரு, நான் தச்ச துணி, அது உப்பிக்கினு எங்க மூணு பேரையும் இழுத்துக்கினு போவுது. சத்தமே இல்ல. இத்தினி வருசமா லாரி மேல போத்தி மூடத்தான் தச்சிக்கினு கீறேன். நம்ம தையலு ஒண்ண இழுத்துக்கினு போவும்னு யாரு கண்டது?"

வில்லெமின் மனைவிக்கு முதுகுப் பிடிப்பு. அந்தம்மாள் விமானத்தில் போகப் போகிறார். மெட்ராஸிலிருந்து பினாங்கு வரை படகுக்கு ஓர் ஆள் வேண்டும். முறை வைத்துச் சுக்கான் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பாய் கிழிந்தால் தைக்க வேண்டும். தாண்டவராயனையும், படகு ஓட்டிப் பழகிய ஒரு மெட்ராஸ் காலேஜ் பையனையும் அவர் மனதில் வைத்திருந்தார். விண்ணப்பம் எழுதிப் போடு, யோசித்துச் சொல்கிறேன், வைகாசிக்கு முன் கிளம்ப மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். துபாய்க்குப் போகிறேன் என்று எடுத்து வீணாகிப்போன பாஸ்போர்ட் ஒன்று தாண்டவராயனின் டிரங்குப் பெட்டியில் சும்மா கிடந்தது.

விண்ணப்பத்தை நான்தான் அடித்தேன். எல்லோருக்கும் அடிப்பது போல ஐந்து வருட அனுபவம் என்று அடிக்கப் போனேன். தடுத்துவிட்டான். "வாந்தி எடுத்தத எழுதிடுங்க மாஸ்டர். அவுரு பாத்துட்டாரு." நான் தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் எழுதினேன்.

கிராமத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்று பதில் முகவரிக்கு என் இன்ஸ்டிடியூட்டைக் கொடுத்தான். பிடித்தது சனியன். தினமும் காலையில் தபால்காரர் ஏசுதாஸ் வருவதற்கு முன்பே சைக்கிளில் வந்து நின்றுவிடுவான். "வந்துச்சா மாஸ்டர்?" ஒரு மாதம். பங்குனி முடிந்து சித்திரை பிறந்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை என்று அவன் பெண்சாதி ஆதிலட்சுமி வந்து என்னிடம் அழுதாள். "மாட்டேன்னாவது சொல்லித் தொலைக்கச் சொல்லு மாஸ்டர். இப்பிடியே போனா இந்தாளு செத்துடும்."

ஒருநாள் பரீட்சைக்குப் பெண்கள் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து வாசலில் நின்று மூன்றாம் தடவையாக "வந்துச்சா?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னை ஏன்டா கேக்கறே? உங்க ஊரு அம்மனைப் போய்க் கேளு! காப்புக் கட்டிக்க, தீ மிதி, என்னத்தையாவது பண்ணு. என் உயிரை வாங்காதே!" என்று கத்தினேன்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டான்.

எங்கள் பக்கம் காப்பு என்பது விளையாட்டில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், தீ மிதித்துப் பூசாரி அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தனக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆகாது. கல்யாணமானாலும் சாவானாலும் அப்படித்தான். தீமிதி அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை.

புதன்கிழமை காலை ஏசுதாஸ் வந்தார். கையில் கடிதமில்லை, தந்தி. 'உன்னையே எடுக்கிறேன். சனி காலை புறப்பாடு. வெள்ளி மாலைக்குள் வா. வில்லெம்.'

முதலில் எனக்குக் கைகொட்டிச் சிரிக்கத் தோன்றியது. அப்புறம்தான் அந்த மஞ்சள் கயிறு நினைவுக்கு வந்தது. கட்டிக்கொள் என்று சொன்னவன் யார்? நான். பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிச் சைக்கிளை எடுத்தேன். ஏரிக்கரையில் வழி நெடுக என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

கோயில் பந்தலில் காப்புக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தந்தியைப் படித்துச் சொன்னதும் தாண்டவராயன் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் தன் மணிக்கட்டைப் பார்த்தான். முகம் சாம்பலாகிவிட்டது.

நான் பூசாரி வேதகிரியைப் பிடித்துக்கொண்டேன். "அவிழ்த்து விடுங்களேன். தண்டம் ஏதாவது இருந்தா நான் கட்டறேன்."

வேதகிரி கெட்டவரில்லை. "மாஸ்டரு, கட்டறதுதான் என் கையி. அவுக்கறது அவ. நெருப்புல எறங்காதவன் கைய நான் அவுத்தேன்னா, நாளைக்கி இங்க எவன் வூட்ல எது நடந்தாலும் இவன் தலையிலதான் வுடியும். இவன் பொஞ்சாதி இங்கதானே குடுத்தனம் பண்ணணும்?"

ஆதிலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "இன்னா சொல்றே? போறியா?" என்றாள் புருஷனிடம். அவள் குரலில் போ என்பதும் இருந்தது, போகாதே என்பதும் இருந்தது.

அவன் என் பக்கம் திரும்பினான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது. "மாஸ்டர், திங்கக்கெழம வரிக்கும் நிறுத்தி வெக்கச் சொல்றீங்களா? நீங்க நேர்ல போய்க் கேட்டா கேப்பாரு. ஒங்களுக்கு இங்கிலீசு கீது."

எனக்கு இங்கிலீஷ் விரலில்தான் இருக்கிறது, நாக்கில் இல்லை. நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பேன், ஒரு வெள்ளைக்காரனிடமும் வாய் திறந்து பேசியதில்லை. ஆனால் முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது? காப்பு என்றால் என்ன என்பதை விளக்கி ஒரு பக்கக் கடிதம் அடித்தேன். ஏழு தாள் கிழித்தேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போனேன்.

துறைமுக வாசலில் காவல்காரன் இரண்டு மணி நேரம் காக்க வைத்தான். உள்ளே போனபோது சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. வில்லெம் படகின் மேல்தட்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. "சார், பிளீஸ்" என்று கடிதத்தை நீட்டினேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

இரண்டு தடவை படித்தார். என் கண்ணெதிரே ஒரு வரைபடத்தை விரித்துத் தெற்கே விரலால் ஒரு வட்டம் போட்டார். வைகாசி வரை காத்திருக்க முடியாது, புயல் கூடுகிறது. நாளைக்கே போனால் முந்திவிடலாம். திங்கட்கிழமை என்றால் இந்த வருஷம் கிளம்பவே முடியாது. மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். காலேஜ் பையனுக்கு ஆளனுப்பினார். அப்புறம் என் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பெயரும் முகவரியும் எழுதித் தந்தார். அவருடைய சிநேகிதர் தை மாதவாக்கில் கொச்சிக்கு வருவாராம், அவருக்கும் ஆள் தேவைப்படலாமாம். "ஐ ஆம் சாரி" என்று என் தோளைத் தட்டினார். நானும் "சாரி" என்றேன். எதற்கு என்று தெரியாது.

சனிக்கிழமை இன்ஸ்டிடியூட்டைத் திறக்கவில்லை. ஆதிலட்சுமி வந்து கேட்டபோது, நான் மெட்ராஸிலிருந்து இன்னும் வரவில்லை என்று என் மனைவியை விட்டுச் சொல்ல வைத்தேன். உள்ளறையில் ஒளிந்துகொண்டு அதைக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை. அந்நேரம் படகு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாமல் இருக்க முடியவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தீக்குழி ஓரத்துக்குப் போனேன். தணல் செக்கச்செவேலென்று கிடந்தது. முகத்தில் அனல் அடித்தது. காப்புக்காரர்கள் மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக வரிசையில் நின்றார்கள். தாண்டவராயன் ஐந்தாவது ஆள். என்னைப் பார்த்துவிட்டான். புருவத்தை மட்டும் தூக்கினான். இன்னா சொன்னாரு?

மனசு கலங்கியவன் தணலில் இறங்கினால் கால் பொசுங்கும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சொன்னது நான், இறங்கப் போவது அவன். அதனால் சிரித்த முகமாக, மெதுவாகத் தலையாட்டினேன். நிறுத்தி வைத்திருக்கிறார், நீ நட.

அவன் ஒரு நொடி என்னையே பார்த்தான். பிறகு கோவிந்தா என்று கத்தி இறங்கினான். ஓடவில்லை. ஏழெட்டு அடி வைத்து அந்தப் பக்கத்துப் பால் குழியில் காலை நனைத்து ஏறினான். ஒரு கொப்புளம் இல்லை. வேதகிரி கயிற்றை அவிழ்த்தார்.

நான் அவனைத் தனியே புளிய மரத்தடிக்கு இழுத்துப் போனேன். "டேய், படகு போயிடுச்சுடா. நேத்தே போயிடுச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் மாஸ்டர்."

"என்ன தெரியும்?"

"நீங்க நெசம் சொல்றப்போ எரிஞ்சு வுழுவீங்க. இன்னிக்கிச் சிரிச்சிக்கினு தலையாட்டினீங்களே. அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா இறங்கினே? பைத்தியமா உனக்கு?"

அவன் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் என்னவோ எனக்குத்தான் சமாதானம் சொல்கிறவன் போலப் பேசினான். "வேல கெடைக்கணும்னு கட்டினேன். கட்டி அஞ்சு நாள்ல தந்தி வந்துச்சு. அவ குடுத்துட்டா. நான் குடுக்கணுமா, வாணாமா?"

சட்டைப் பையிலிருந்து அந்த முகவரியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் ஏசுதாஸுக்கு முன்பே வந்து நின்றான். இன்னொரு விண்ணப்பம். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான்: 'சித்திரையில் எங்கள் ஊரில் பதினெட்டு நாள் திருவிழா, அந்த நாட்களில் காப்புக் கட்டியிருப்பேன், என்னால் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது.' இப்படி எழுதினால் எவன்டா வேலை கொடுப்பான் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு அடித்தேன்.

கார்த்திகையில் பதில் வந்தது. கொச்சியிலிருந்து மாலத்தீவுக்குப் போய், அங்கிருந்து கொழும்பு. பங்குனிக்குள் விட்டுவிடுகிறேன், திருவிழா பற்றிக் கவலை வேண்டாம் என்று அந்த சிநேகிதர் எழுதியிருந்தார்.

தை மாதம் பத்தாம் தேதி காஞ்சிபுரம் பஸ் ஏற்றிவிடப் போனேன். தோளில் பை, அதில் ஊசியும் மெழுகும். ஆதிலட்சுமி எலுமிச்சம் ஊறுகாய் கட்டிக் கொடுத்திருந்தாள், வாந்திக்கு. அவள் அழுவதைப் பார்க்காமல் அவன் என் பக்கம் திரும்பினான்.

"மாஸ்டர், பயமா கீது. சித்திரைக்குள்ள திரும்பி வந்துடுவேன், இல்ல?"

எனக்கு என்ன தெரியும்? நான் அந்தக் கடலைப் பார்த்ததே ஒரு நாள்தான். அதுவும் கரையிலிருந்து. ஆனாலும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "வராம எங்கடா போவே, மடப்பயலே! காலங்காத்தால வந்து கேக்கற கேள்வியப் பாரு! ஏறித் தொலைடா!"

அவன் முகம் தெளிந்தது. சிரித்துக்கொண்டே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் கிளம்பிப் பஜார் முனை திரும்பும் வரை நான் திட்டிக்கொண்டே நின்றேன்.