எர்த் குழிக்கு ரெண்டு குடம்

ஆடியோ கடையில் வேலை பார்ப்பவனுக்குக் காது நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சிரிப்பை அடக்கிக்கொள்ளும் முகமும் வேண்டும். கோயமுத்தூரில் ரஹீம் பாய் கடையில் வீடு வீடாகப் போய் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுப்பது என் சோலி. ஆனால் பாய்க்குச் செல்லம் என்னவோ, செட்டை வாங்கினவரிடம் பிறகு விற்கிற சாமான்கள்தான்: விரல் தண்டி பவர் கேபிள், வருகிற கரண்டைச் சுத்தம் பண்ணும் ஃபில்டர் பெட்டி, இத்யாதி. இதையெல்லாம் வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் சக நோயாளிகளே, நான் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

போத்தனூர் அமைதி

போத்தனூரில் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். ஆறு மாதம் யோசித்து, கடைசியில் அந்தக் கெட்டிக் கேபிளை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மாட்டினேன். பழைய கேபிளில் ஒரு வீணைக் கச்சேரி, புதுக் கேபிளில் அதே கச்சேரி. மனுஷன் சோபா நுனிக்கே வந்துவிட்டார். "கேட்டீங்களா? பின்னாடி எத்தனை அமைதி பாருங்க! வீணை வாசிக்கற அம்மா மூச்சு விடறது கூடக் கேக்குதுங்க!" எனக்கும் அப்படித்தான் கேட்டது, சத்தியமாக. நானே செய்த கேபிள் மாதிரி பெருமையாகத் தலையாட்டினேன்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க, மாவு ஆட்டி முடிச்சு கிரைண்டரை நிறுத்திப்போட்டேன். இனி என்ன பாட்டுன்னாலும் போட்டுக்குங்க."

ஐஸ் கட்டி

எல்லாமே ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். கோபிசெட்டிபாளையம் பக்கம், வயலுக்கு நடுவே ஒரு வீடு. சுற்றியுள்ள மோட்டாரெல்லாம் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி, பாட்டுக்கு நடுவிலேயே செட் அணைந்துவிடும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று மாட்டினேன். அது காசுக்குத் தகுந்த சாமான், நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். பத்து நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று போன் பண்ணினால், ஸ்டெபிலைசரை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "செட்டு பாடறப்பப் பாடட்டுமுங்க. ஃப்ரிட்ஜுல ஐஸ் கட்டி என்னமாப் புடிக்குதுங்கறீங்க!"

வாய்க்கொழுப்பு

உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனிச்சாமி அண்ணன் விஷயத்தில்தான் நான் வசமாக மாட்டினேன். அவர் வீட்டில் பாட்டு நின்றாலும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற முனகல் நிற்காது. எங்கள் கடை டெமோ செட்டும் அப்படி முனகும்தான். பவர் அதிகமுங்க என்று சொல்லிச் சமாளிப்போம். இவரிடம் அது செல்லவில்லை. கெட்டிக் கேபிள் போட்டோம், போகவில்லை. கடையிலேயே பெரிய ஃபில்டர் பெட்டியை இறக்கினோம். "இதுக்கும் போகலீன்னா நானே திருப்பி எடுத்துக்கறனுங்கண்ணா" என்று அவர் மனைவியின் காதுபடச் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த வாரமே போன். முனகல் அப்படியே இருக்கிறதாம், போதாததற்குப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதாம். பாய் விளையாட்டுக்குப் பேசுகிற ஆளில்லை. விஷயத்தைக் கேட்டதும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "போய்ப் பாரு. ஆனா பெட்டி திரும்பி வந்துச்சுன்னா, அதோட நீயும் ஊட்டுக்குக் கிளம்பிக்க."

ரெண்டு குடம்

சுருக்கென்றால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். நேராகக் கொல்லைக்குப் போய் எர்த் குழியைப் பார்த்தேன். உப்பும் கரியும் போட்டு மூடிய குழி, வறட்டி மாதிரி காய்ந்து கிடந்தது. ஈரமில்லாவிட்டால் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்காது. "தண்ணி ஊத்தறதில்லீங்களாண்ணா?" என்றேன். அண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது. "தோட்டத்து மோட்டார் குழிக்கு வாரந்தவறாம ஊத்தறேன் கண்ணு! இது ஊடுதானே?"

ரெண்டு குடம் ஊற்றிவிட்டு, மோர் குடித்துக்கொண்டே ஊறவிட்டோம். பிறகு செட்டைப் போட்டால் முனகலைக் காணோம். பெட்டிதான் இப்போது வேலை செய்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அண்ணன் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஒளிப்பானேன். ஆனால் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியைக் கழற்றிவிட்டுச் செட்டைப் போட்டுக் காட்டினேன். அதே அமைதி. "இது உங்களுக்கு வேண்டீதில்லீங்கண்ணா, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பெட்டியை வாசல் பக்கம் தூக்கி வைத்தேன்.

அந்த அம்மா நேராக அடுப்படிக்குப் போனார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தரம் தொட்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, தொட்டாச் சுருக்குங்குது, தொட்டாச் சுருக்குங்குதுன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன், செருப்புப் போட்டுட்டுத் தொறன்னீங்க. உங்க செட்டு முனங்குனதுக்கு மட்டும் கோயமுத்தூர்ல இருந்து ஆளு வருது!"

திரும்பி வந்த பெட்டி

பெட்டியைக் கடை மேஜையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்பேனர் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, எப்படியும் வீட்டுக்குத்தானே போகப்போகிறோம் என்று. பாய் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூலையில் எங்கள் டெமோ செட் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. அதன் பக்கம் திரும்பினார். "நம்ம கடை எர்த்துக்குத் தண்ணி ஊத்தி எத்தனை வருசமாச்சுப்பா? பையை இறக்கி வெச்சுப்போட்டு, குடத்தை எடு."

இன்றைக்கும் நான் கெட்டிக் கேபிள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் நீங்கள் முதலில் எர்த் குழிக்குத் தண்ணி ஊற்றி, அடுத்து கிரைண்டரை நிறுத்தி, வீட்டுக்காரம்மா இரண்டு வருஷமாகச் சொல்லிவருவதைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகும் சத்தத்தில் குறை இருந்தால் தாராளமாகக் கடைக்கு வாருங்கள்.