அன்று அவர் வீட்டில் இருந்தாரா?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வவுனியாவில், ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். அதற்கு முன் வடக்கே குடாநாட்டில் ஆங்கில ஆசிரியை; கிளினிக்கிலும் எல்லோருக்கும் நான் 'ரீச்சர்'தான். இடம்பெயர்ந்து சில மாதங்கள் பரந்தனில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வவுனியாவுக்கு வந்தபோது கையில் ஆங்கிலத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. கிளினிக்குக்கு வரும் வைத்தியர் தென்பகுதியைச் சேர்ந்த சிங்களப் பெண். முப்பது வயது இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து வருவார். நோயாளியின் தமிழை ஆங்கிலமாக்கி அவரிடம் கொடுப்பதும், அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கி நோயாளியிடம் கொடுப்பதும் என் வேலை.

அந்த அறைக்கு வெளியே கிடந்த நீள மர வாங்கில் உட்கார ஆட்கள் கூச்சப்படுவார்கள். "விசர் டொக்டரிட்டப் போறன்" என்று யார்தான் சொல்லிக்கொண்டு வருவார்கள்? மருந்து எடுக்க வந்தவர்கள்போல எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று, கூப்பிட்டதும் சட்டென்று உள்ளே வந்துவிடுவார்கள்.

அந்தப் பெண் வந்தபோது அப்படி நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, மேசையில் ஒரு கடித உறையை வைத்தாள்.

"நான் விசரி இல்லைங்க ரீச்சர். இந்தக் கடுதாசிக்காகத்தான் வந்தேன்."

அவளுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து துணுக்காய்ப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். அவள் அங்கேதான் பிறந்தாள். பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். இப்போது எட்டு வயது மகளுடன் முகாமில் இருந்தாள். கணவர் ஐரோப்பிய நாடொன்றில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது.

உறைக்குள் கணவரின் வழக்கறிஞர் எழுதிய ஆங்கிலக் கடிதம் இருந்தது. மறுத்ததற்குக் காரணம் ஒரே ஒரு பதில். ஷெல் குண்டு விழுந்து அவளுடைய அண்ணன் இறந்த அன்று தானும் அங்கே நின்றதாகவும், உடலைத் தூக்கிச் சென்றது தானே என்றும் கணவர் தன் வாக்குமூலத்தில் எழுதியிருந்தார். கொழும்பில் நடந்த நேர்முகத்தில் அவளிடம் அதைக் கேட்டபோது, "அவரு அன்னைக்கு இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். ஒரே வீட்டில் வாழ்ந்த கணவனும் மனைவியும் இப்படி முரணாகச் சொல்வார்களா, இவர்கள் உண்மையில் கணவன் மனைவிதானா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு மனநல வைத்தியரின் அறிக்கை ஒன்று உதவலாம் என்று வழக்கறிஞர் எழுதியிருந்தார்.

வைத்தியர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நான் நான்கு தரமாவது இவரைப் பார்க்க வேண்டும். பார்த்தபிறகு எனக்கு என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதுவேன். அது உதவாமலும் போகலாம். சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

முதல் நாள் நான் ஒரு பிழை செய்தேன்.

நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டு முடித்துவிட்டு, அண்ணன் இறந்த நாளைப் பற்றி வைத்தியர் கேட்டார். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். தோட்டத்தில் அண்ணனும் ஆட்களும் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தேத்தண்ணி கொண்டு போனாள். சத்தம். பிறகு மண். அதற்குப் பிறகு யாரோ ஓர் ஆம்பிளையின் முதுகு. அவன் தோளில் அண்ணனின் கால்கள் ஆடியதைக் கண்டாள். அது மட்டுந்தான் தெரியும்.

"கணவர் அங்கே நின்றாரா?" என்று வைத்தியர் கேட்டார்.

"தெரியலைங்க. இல்லைன்னுதான் நெனைக்கிறேன்."

வழக்கறிஞரின் கடிதம் என் மனதில் இருந்தது. இந்தப் பிள்ளை மறுபடியும் தன் வாயாலேயே கெட்டுப்போகப் போகிறாளே என்று நினைத்தேன். நான் ஆங்கிலத்தில், "நின்றிருக்கலாம் என்று நினைக்கிறா," என்றேன். வைத்தியர் எழுதிக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து அவள் மறுபடியும் வந்தாள். வைத்தியர் தன் குறிப்பைப் பார்த்து, கணவர் அண்ணனைத் தூக்கியபோது அவள் எங்கே நின்றாள் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "அவரு எங்கே தூக்கினாரு? அவரு இல்லைன்னு சொன்னேனே ரீச்சர்."

இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. 'இல்லை' என்ற சொல் வைத்தியருக்கு அதற்குள் நன்றாகப் பழகியிருந்தது. பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ரீச்சர், இவருக்கு எது ஞாபகம் இல்லை என்பதுதான் நான் பார்க்க வேண்டியது. அதை நீங்கள் நிரப்பிவிட்டால் எனக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது," என்றார். பிறகு முதல் நாள் எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டார். "இதையும் அவருக்குச் சொல்லுங்கள்."

சொன்னேன். இனி என்னை நம்பமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் கண்டேன்.

"கதையை மாத்தினேன்னு என்னையத்தான் சொன்னாங்க. நீங்களும் மாத்திப்புட்டீங்களா?"

"ஓம், மாத்திப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லைங்க. மறுபடி மொதல்ல இருந்து கேளுங்க."

எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டோம். அவளுக்கு மாதமும் ஆண்டும் தெரியவில்லை. கேட்டால் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பாள். மூன்றாம் சந்திப்பில் வைத்தியர் திகதி கேட்பதையே விட்டுவிட்டார். அவருடைய தகப்பனும் ஒரு கமக்காரர். "அப்போது நிலத்தில் என்ன நின்றது? அதைக் கேளுங்கள்," என்றார்.

அதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த வருசம் உழுந்து அழுகியது, எந்த வருசம் மிளகாய்க்கு நோய் வந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. கணவர் வீட்டை விட்டுப் போன நாள் எப்படி என்று வைத்தியர் கேட்டார்.

"நெல்லு கதிர் வந்திருந்துச்சு. மாரி மழைக்கு விதைச்ச காலபோகம். வரம்புல போனாரு. மக பின்னாலேயே ஓடினா. புடிச்சுத் தூக்கிட்டு வந்தேன்."

"மகள் ஓடினாவோ?" வைத்தியர் கேட்டதை அப்படியே தமிழில் கேட்டேன்.

"ஆமாங்க. நல்லா ஓடுவா. பேசவும் செய்வா."

"ஷெல் விழுந்து அண்ணன் மோசம்போன அண்டைக்கு மகள் எங்கை?" இதுவும் வைத்தியர் கேட்டதுதான்.

"பாயில விட்டுட்டுப் போனேன். அப்ப தவழுற புள்ளை..."

அத்துடன் நிறுத்திவிட்டாள். வைத்தியர் பேசவேண்டாம் என்று எனக்குக் கைகாட்டினார். வெளியே மருந்துக்கு நின்றவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். ஒரு தரம் எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள்.

"தவழுறப்ப அண்ணன் செத்தாரு. ஓடுறப்ப இவரு போனாரு." என் முகத்தைப் பார்த்தாள். "அப்படின்னா அன்னைக்கு இவரு வீட்லதானே இருந்திருக்கணும்?"

நான் வைத்தியரைப் பார்த்தேன். அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

"அவரு எழுதினது அந்தக் கடுதாசியில இருக்கா ரீச்சர்? வாசிங்க."

வைத்தியர் சம்மதித்தபிறகு வாசித்தேன். மைத்துனரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவரை நடந்ததையும், அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதையும், மனைவி பின்னால் பேசாமல் நடந்து வந்ததையும் அவர் சுருக்கமாக எழுதியிருந்தார்.

அவள் கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "நீலக்கோடு போட்ட சாரம் ஒண்ணு அவருக்கு இருந்துச்சு. அண்ணன் போனப்புறம் திடீர்னு அதை உடுக்கிறதை விட்டுட்டாரு. ஏன்னு நான் கேக்கவே இல்லை," என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு என்னைத் தனியா விட்டுட்டாருன்னு இத்தனை வருசமா அவர் மேல கோவம் ரீச்சர். அவர்ட்ட சொன்னதில்லை. உள்ளுக்குள்ள வச்சிருந்தேன்," என்றாள்.

ஐந்தாவது சந்திப்பில் அறிக்கை தயாராக இருந்தது. அதைத் தமிழில் வரிவரியாக அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தியர் பிடிவாதமாகச் சொன்னார். 'அடிக்கடி அழுகிறார்' என்ற இடத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"நான் அழுறதில்லைங்க. நித்திரைதான் வராது. சத்தம் கேட்டா மேலு நடுங்கும். அழுகையை வெட்டுங்க."

வைத்தியர் உடனே வெட்டினார். நோயின் பெயர் வந்த இடத்தில் நான் தடுமாறினேன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒன்றும் பழக்கத்தில் இல்லை. மனதில் பட்ட காயம் என்றேன்.

"விசருன்னு அர்த்தம் இல்லையே?"

"இல்லை. விசர் வேறை, இது வேறை."

"ஆறுமா?"

இதை வைத்தியரிடம் கேட்டேன். "ஆறும். ஆறத் தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். குடும்பத்தோடு இருந்தால் இன்னும் கெதியாக ஆறும்," என்றார். கடைசிப் பந்தியில் அதையும் எழுதினார். கடும் அதிர்ச்சியின்போது மனம் சிலவற்றைப் பதியாமல் விட்டுவிடும், அது பொய் சொல்வதற்கு அடையாளம் அல்ல என்று அதற்கு முந்திய பந்தியில் எழுதியிருந்தார்.

அதன்பிறகும் அவள் கிளினிக் நாட்களில் வந்தாள். அறிக்கை போய்விட்டதே, இனி என்ன என்று கேட்டேன். "பேசினா அன்னைக்குக் கொஞ்சம் தூங்குறேங்க," என்றாள். எதிர்ச்சுவரில் ஒளிந்து நிற்கும் பெண்களை அவளே போய்க் கையைப் பிடித்து வாங்கில் இருத்துவாள். "இங்க உக்காருங்கக்கா. நானும் வாறனான். ஒண்ணும் செய்ய மாட்டாங்க, கேப்பாங்க, அவ்வளவுதான்" என்பாள். சில நாட்களில் வாங்கில் இடம் போதாமல் போனது.

ஏழெட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் இன்னும் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் வாசித்துவிட்டு, "போகலாம், ரெண்டு பேரும் போகலாம்," என்றேன். மகள்தான் முதலில் துள்ளினாள். அவள் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

முகாமில் இருப்பவர்கள் கொழும்புக்குப் போகத் தேவையான அனுமதிப் பாஸ் கிடைக்க மேலும் சில கிழமைகள் ஆயின. அவர்கள் புறப்பட்ட அன்று கிளினிக் இருந்தது. ரயில் ஸ்ரேசனுக்கு என்னால் போக முடியவில்லை.

அடுத்த தை மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது, உள்ளே ஒரு படத்துடன். மூவரும் பனிக்குள் தடித்த கோட்டுகளுடன் நிற்கிறார்கள். அந்த மனிதரைப் பற்றி இரண்டு மொழிகளில் எவ்வளவோ கேட்டும் சொல்லியும் இருந்த நான், அவரை நல்ல உயரமான, அகன்ற தோளுள்ள ஆளாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். படத்தில் அவர் மனைவியைவிட அரைச்சாண் குட்டை. மெலிந்த மனிதர்.

படத்தை வைத்தியரிடம் காட்டினேன். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தாராம். இரண்டு பேரும் சிரித்தோம். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வெளியே வாங்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.